அளப்பவரும் கட்டுபவரும் ஒருவரானால்

கடந்த மாரியில், மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலைப்பொழுதில், லிங்கநகரில் உள்ள ஒரு வீட்டைப் பார்த்துவரச் சென்றிருந்தேன். வீட்டுக்காரர் கடல் கடந்து வாழ்பவர். நான் பத்திரிகையில் எழுதிய காலத்திலிருந்து என்னை வாசித்து வருபவர். பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டைத் திருத்தி வாடகைக்கு விட்டால் முதுமைக்கு ஒரு வருமானமாகும் என்று நாற்பது இலட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பியிருந்தார். "ஐயா, ஒருக்காப் போய்ப் பாத்துச் சொல்லுங்க" என்று தொலைபேசியில் கேட்டபோது அவர் குரலில் சந்தேகம் இருந்ததே தவிர, கோபம் இல்லை. கோபம் நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் வந்தது.

முன்மண்டபத்தில் மினுங்கும் டைல்ஸ். சுவரெங்கும் புதிய தீந்தை. மதிலுக்கு மேல் வரிசையாக விளக்குகள். ஆனால் பின்புறக் கொங்கிறீற் தட்டின் அடிப்பக்கத்தில் பூச்சு வெடித்துத் துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. பழைய கம்பியைச் சுரண்டாமலே அதன்மேல் சாந்து அப்பியிருந்தார்கள். கூரையின் சிலாகைகள் பழையவை, பீலி புதியது. படுக்கையறை மூலையில் ஒரு வாளி வைக்கப்பட்டிருந்தது. அந்த வாளிதான் அந்த வீட்டில் நேர்மையாக வேலை செய்துகொண்டிருந்த ஒரே பொருள்.

"ஏமாற்றிவிட்டார்கள்" என்றார் நண்பர். திருகோணமலையில் இந்தச் சொல்லை நான் கேட்காத மாதமில்லை. ஆனால் அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: கொந்தராத்துக்காரர் ஏமாற்றியது உண்மையாயிருக்கலாம், அதற்கு முன்னரே நீங்கள் ஏமாறுவதற்கான ஏற்பாடுகளை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டீர்கள்.

நடந்தது என்ன? வீட்டை மதிப்பிட்டவரைக் கூட்டிவந்தவர் கொந்தராத்துக்காரர். திருத்தவேண்டியவை எவை என்று பட்டியலிட்டவரும் அவரே. வேலை எவ்வளவு முடிந்தது என்று கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பியவரும் அவரே. அடுத்த தொகையைக் கேட்டவரும் அவரே. மேற்பார்வை பார்த்த மைத்துனருக்குச் சீமெந்துக்கும் மணலுக்கும் என்ன விகிதம் என்பது தெரியாது. பரீட்சை எழுதுபவனிடமே வினாத்தாளையும் விடைத்தாளையும் புள்ளியிடும் பேனாவையும் கொடுத்துவிட்டு, அவன் நூற்றுக்கு நூறு எடுத்தான் என்று மகிழ்ந்த கதை இது.

என் வாதம் இதுதான். மதிப்பிடுபவர், கட்டுபவர், கட்டியதை அளந்து சான்று சொல்பவர் ஆகிய மூவரும் மூன்று வேறு ஆட்களாக இருக்க வேண்டும். அந்த மூவரில் எவரும் மற்றவரின் தயவில் பிழைப்பவராக இருக்கக் கூடாது. நல்லவரைத் தேடுவது இதற்கு அடுத்த வேலை. எத்தகைய நல்லவரையும் தன் வேலைக்குத் தானே நீதிபதியாக்கினால் கெட்டுப்போவார்.

முதலில் மதிப்பீட்டாளரைப் பற்றிப் பேசுவோம். நம்மவரிடையே ஒரு வீட்டுக்கு மூன்று விலைகள் உண்டு. உறுதி எழுதும்போது ஒரு விலை. அது இயன்றவரை குறைவாக இருக்க வேண்டும், ஏனெனில் விற்பனை உறுதிக்கு முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் முத்திரை வரி கட்ட வேண்டும். பிள்ளையின் மாணவர் விசாவுக்காகத் தூதரகத்தில் கொடுக்கும்போது இன்னொரு விலை. அது மலைபோல் உயர்ந்திருக்க வேண்டும். வங்கியில் கடன் கேட்கும்போது மூன்றாவது விலை. இந்த மூன்றையும் கேட்டபடி எழுதித் தருபவரை ஊரில் "நல்ல மனுசன்" என்று சொல்கிறோம்; ஒரே விலையை மட்டும் எழுதுபவருக்கு "சரியான கரைச்சல்காரர்" என்று பெயர்.

இங்கேதான் கோளாறின் வேர் இருக்கிறது. உங்களுக்காகப் பொய் எழுதியவர் நாளை உங்களுக்கு எதிராகவும் எழுதுவார். அவருடைய பேனா கேட்டவன் பக்கம் சாயும் என்பதை நீங்களே பரீட்சித்துப் பார்த்துவிட்டீர்கள். அந்தப் பேனாவைக் கொந்தராத்துக்காரர் பிடித்துக்கொண்டபோது மட்டும் நீதி கேட்பது எந்த ஊர் நியாயம்? விலைமதிப்பீட்டாளர்களுக்கென்று இந்த நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட ஒரு நிறுவகம் இருக்கிறது. அதன் அங்கத்துவம் உள்ளவரா என்று கேட்பது முதற்படி. ஆனால் அங்கத்துவம் அறிவுக்குச் சான்றே தவிர, துணிவுக்குச் சான்றன்று. அந்தத் துணிவைக் கெடுத்ததில் வாடிக்கையாளராகிய நமக்கும் பங்குண்டு.

பேனா சாய்ந்தால் என்ன நேரும் என்பதை அமெரிக்கா உலகுக்கே காட்டியது. கடன் கொடுக்கத் துடித்தவர்கள் தமக்கு வேண்டிய தொகையை எழுதித் தரும்படி மதிப்பீட்டாளர்களை நெருக்கினார்கள். எழுத மறுத்தவர்களுக்கு அடுத்த வேலை கிடைக்கவில்லை. 2007 நவம்பரில் நியூயோர்க் மாநிலத்தின் சட்டமா அதிபர், பெரிய வங்கியொன்றின் அழுத்தத்துக்கு வளைந்ததாகக் கூறி ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு வீட்டுக்கடன்களின் மீது கட்டிய மாளிகை சரிந்தது. 2009இல் ஒரு நடத்தைக் கோவையும் 2010இல் நிதித்துறைச் சீர்திருத்தச் சட்டமும் வந்து, கடன் விற்பவர் மதிப்பீட்டாளரை நெருக்கக் கூடாது என்று விதித்தன. நமக்கு அத்தனை பெரிய சட்டம் தேவையில்லை. கொந்தராத்துக்காரரோ தரகரோ அழைத்துவரும் மதிப்பீட்டாளரைப் படலையடியிலேயே கும்பிட்டுத் திருப்பியனுப்பினால் போதும்.

திருகோணமலையில் மதிப்பீட்டைக் கெடுக்கும் இன்னொரு நோயும் உண்டு; எதிர்பார்ப்பு என்பது அதன் பெயர். சம்பூரில் அனல் மின்நிலையம் வரப்போகிறது என்று ஒரு காலம் காணி விலை பேசினார்கள். அந்தத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2022 ஜனவரியில் எண்ணெய்க் குதங்கள் 99ஐயும் 14, 24, 61 என்று பிரித்து ஒப்பந்தமானபோது மறுபடி பேசினார்கள். 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது தரகர்களின் தொலைபேசிகள் சூடேறின. உடன்படிக்கைகள் நல்லவையா கெட்டவையா என்பது வேறு கட்டுரை. ஆனால் கொழும்பில் கையெழுத்தானதற்கு லிங்கநகரில் கூரை ஒழுகும் வீட்டின் பெறுமதி அன்றிரவே ஏறிவிடுமா? மதிப்பீட்டு அறிக்கையில் "எதிர்கால அபிவிருத்தியைக் கருத்திற்கொண்டு" என்ற வாசகத்தைக் கண்டால் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசியுங்கள்.

வாடகைக்கு விடும் வீட்டுக்குக் கணக்கு எளிது. உதாரணத்துக்குச் சொல்கிறேன். மாதம் 25,000 ரூபாய் வாடகை பெறும் வீட்டை 40 இலட்சம் செலவழித்துத் திருத்தியபின் 40,000 ரூபாய்க்கு விடுகிறீர்கள் என்று வையுங்கள். கூடுதல் வருமானம் மாதம் 15,000, ஆண்டுக்கு 1,80,000. போட்ட பணத்துக்கு இது நாலரை வீதம். வீடு சும்மா கிடக்கும் மாதங்களையும் ஆதன வரியையும் தண்ணீர்க் குழாய் திருத்தத்தையும் கழித்தால் இன்னும் குறையும். அதே பணம் நிலையான வைப்பில் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதை வங்கியில் கேட்டுப் பாருங்கள். நேர்மையான மதிப்பீட்டாளர் வேலை தொடங்குமுன் உங்களிடம் சொல்லவேண்டிய வாக்கியம் இது: "40 இலட்சத்துக்கு வேண்டாம், கூரைக்கும் கம்பிக்கும் மலசலகூடத்துக்கும் 15 இலட்சம் போதும்." அந்த வாக்கியத்தைக் கொந்தராத்துக்காரர் அழைத்துவந்தவர் எப்படிச் சொல்வார்?

மதிப்பீட்டாளரிடம் நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகளும் உண்டு. அவர் உங்களிடம் கேட்கவேண்டிய கேள்விகளும் உண்டு. அயலில் அண்மையில் விற்ற எந்தக் காணிகளோடு ஒப்பிட்டீர்கள்? கட்டடத்தின் வயதுக்கு எவ்வளவு கழித்தீர்கள்? எந்தத் திகதியில் நின்று, எந்தத் தேவைக்காக மதிப்பிட்டீர்கள்? இவை உங்கள் கேள்விகள். உறுதியைக் காட்டுங்கள் என்பது அவருடைய முதற்கேள்வியாக இருக்க வேண்டும். தனியார் உறுதியா, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரமா, அளிப்புப் பத்திரமா என்று பாராமல் விலை எழுதுபவர் சுவரைத்தான் மதிப்பிடுகிறார், சொத்தையல்ல. அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டுமே உள்ளவருக்குக் காணி கைமாறுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமையும் வாரிசுரிமையும் வேறு கதை. தம்முடையது எந்த வகை என்று தெரியாமலே தங்கையின் பெயரில் இருக்கும் காணியில் பணத்தைக் கொட்டியவர்களை நான் அறிவேன். வீடு அழகாகத்தான் இருக்கிறது; அது அவர்களுடையதா என்பதுதான் இப்போதைய வழக்கு.

இனிக் கொந்தராத்துக்காரர். கட்டட நிர்மாணத் துறைக்கென 1986இல் தொடங்கிய பயிற்சி, அபிவிருத்தி நிறுவகம் இருந்தது. 2014ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் அதன் இடத்தில் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபை வந்தது. அது கொந்தராத்துக்காரர்களைத் தரப்படுத்துகிறது; மிகச் சிறியவர்கள் சீ9 என்ற தரத்தில் இருப்பார்கள். பதிவு இருக்கிறதா, எந்தத் தரம், எப்போது காலாவதியாகிறது என்று கேட்பது அவமதிப்பன்று. ஆனால் நம் ஊரில் வீடு திருத்தும் பெரும்பாலான மேசன்மார் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களுள் தங்கமான கைகாரர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்க மாட்டேன். அத்தகையவரைத் தேர்வதற்கு ஒரே வழிதான்: அவர் சென்ற மாதம் முடித்த வீட்டைப் பார்க்காதீர்கள், மூன்று மாரிக்கு முன்னர் முடித்த வீட்டைப் பாருங்கள். புதுத் தீந்தை எல்லாருடைய வேலையையும் ஒரேமாதிரிக் காட்டும். மூன்று வடகீழ்ப் பருவமழைகள் யாருடைய வேலை எது என்று பிரித்துக் காட்டும்.

இது துறைமுகப் பட்டினம். உப்புக்காற்று கம்பியைத் தின்னும். துருவேறிய கம்பி பருத்துக் கொங்கிறீற்றை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். ஆகவே கம்பிக்கு மேல் எவ்வளவு கனத்தில் கொங்கிறீற் இருக்கிறது, மணல் மகாவலி ஆற்று மணலா அல்லது உப்புக் கழுவாத கடற்கரை மணலா, சாந்து குழைத்த தண்ணீர் உவர்க்கிணற்றுத் தண்ணீரா என்பவையே இங்கே உண்மையான கேள்விகள். 1964 டிசம்பரில் வீசிய புயலையும் 2000 டிசம்பரில் வீசிய புயலையும் கண்ட ஊர் இது. கூரையைச் சுவரோடு கட்டியிருக்கிறதா என்று பாராமல் டைல்ஸின் நிறத்தை மூன்று கிழமை வாட்ஸப்பில் விவாதிப்பவர்களை என்னவென்பது? கண்ணுக்குத் தெரிவதற்குக் காசு கொடுப்பேன், தெரியாததற்குக் கொடுக்கமாட்டேன் என்பவருக்கு அமைவதும் தெரிவது மட்டும் நன்றாக உள்ள வீடுதான்.

இவற்றை எல்லாம் யார் நின்று பார்ப்பது என்று கேட்பீர்கள். இந்த மாவட்டத்து ஏழைகள் அதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26இல் வந்த கடல் வீட்டை முழுதாகக் கொண்டுபோனவர்களுக்கு, அவர்களே கட்டிக்கொள்ளும் திட்டத்தில் 2,50,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. ஒரேயடியாக அல்ல, கட்டம் கட்டமாக. பின்னர் 2012இல் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய். அத்திவாரம் முடிந்ததா, சுவர் எழுந்ததா, கூரை ஏறியதா என்று திட்டத்தை நடத்திய அமைப்பின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்துச் சான்று சொல்வார். அதன் பிறகே அடுத்த தவணை இந்தியத் தூதரகத்திலிருந்து நேரே பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். கட்டியவர் வேறு, சான்று சொன்னவர் வேறு, பணம் கொடுத்தவர் வேறு. வீட்டுக்காரி நடுவில் நின்று மேசனோடு நேருக்கு நேர் பேரம் பேசினாள்.

அந்தத் திட்டங்களில் குறையே இல்லையென்று நான் எழுதவில்லை. தொகை போதாமல் நகையை அடகு வைத்தவர்களும் கடனில் விழுந்தவர்களும் உண்டு. ஆனால் ஒழுங்கு சரியானது. ஐந்தரை இலட்சத்துக்கு இத்தனை காவல் வைத்த அதே மண்ணில், ஐம்பது இலட்சத்துக்கு ஒரு காவலும் வைக்காமல் அனுப்புகிறோம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தம் வீட்டுக் குளியலறைத் திருத்தத்துக்கு மூன்று விலைமனு கேட்பவர்கள், விமானம் ஏறி இங்கு இறங்கியதும் "நம்ம பொடியன்தானே" என்று விடுகிறார்கள். அங்கே கற்ற கணக்கை இங்கே கொண்டுவர எந்தச் சுங்கமும் தடுப்பதில்லை.

நம்மவர் என்பதனால் தேர்வதைப் பற்றி வள்ளுவர் "தெரிந்து தெளிதல்" என்று ஓர் அதிகாரமே வைத்தார். அறியவேண்டியதை அறியாதவரை அன்பின் பொருட்டு நம்பித் தேர்வது மடமை என்பது அதில் அவர் சொன்ன ஒரு கருத்து. சோதிக்காமல் நம்புவதும், நம்பியபின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் என்பது இன்னொன்று. நாம் இரண்டையும் ஒருங்கே செய்கிறோம். வேலை தொடங்கும்போது கண்ணை மூடி நம்பி, பாதியில் கண்ணை உருட்டிச் சந்தேகப்படுகிறோம்.

கொந்தராத்துக்காரர்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதை எழுதாவிட்டால் நான் தொழிலுக்குத் துரோகம் செய்தவனாவேன். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. சீமெந்தும் கம்பியும் வயரும் அதனோடு ஏறின. அரசாங்க வேலைகளில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கொந்தராத்துக்கு விலையேற்றத்தை ஈடுசெய்யும் சூத்திரம் உண்டு. தனியார் வீட்டு வேலையில் பேச்சுத்தான் ஒப்பந்தம். டொலரிலும் பவுணிலும் சம்பளம் வாங்கியதால் அந்த மாதங்களில் கையில் கூடுதல் ரூபாய் கிடைத்த உரிமையாளர்கள் சிலர், பழைய விலையிலேயே முடி என்று அடம்பிடித்தார்கள். கொந்தராத்துக்காரர் கடைக்காரருக்குக் கடன்பட்டார். மேசனுக்கும் கையாளுக்கும் கிழமைக்கூலி நின்றது. வேலை பாதியில் கிடந்தது. ஏமாற்றப்பட்டோம் என்று அந்தக் கூலியாட்கள் எந்தப் பத்திரிகைக்கும் எழுதவில்லை. எழுதத்தக்க ஓர் ஒப்பந்தம் இரு பக்கத்தையும் காக்கும். வாய்ப்பேச்சு பலமானவனை மட்டுமே காக்கும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். முதலில் வேலையின் அளவுப் பட்டியலை ஒரு கணிய அளவையாளரைக் கொண்டு தயாரியுங்கள். அதே பட்டியலை மூவரிடம் கொடுத்து விலை கேளுங்கள். ஆளுக்கொரு பட்டியலுக்கு ஆளுக்கொரு விலை வாங்கி எது மலிவு என்று ஒப்பிடுவது மாங்காயையும் தேங்காயையும் ஒரே தராசில் வைப்பதாகும். முற்பணம் ஐந்தில் ஒன்றுக்கு மேற்படக் கூடாது. ஒவ்வொரு தவணையும் கட்டம் முடிந்ததை மூன்றாம் ஆள் ஒருவர், நீங்கள் கூலி கொடுக்கும் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரோ பொறியியலாளரோ, பார்த்து எழுதிய பிறகே போக வேண்டும். பூச்சுப் பூசுமுன்னர், கொங்கிறீற் போடுமுன்னர் அவர் வர வேண்டும்; பூசிய பின் வருபவர் தீந்தையைத்தான் பார்ப்பார். நூற்றுக்கு ஐந்தை ஓராண்டுக்குப் பிடித்து வையுங்கள். ஒரு மாரி வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். விலை ஏறினாலும் இறங்கினாலும் என்ன செய்வது என்று ஒரு வரி இருக்கட்டும். கூலியாட்களின் கணக்கு முடிந்தது என்பதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

இதற்கெல்லாம் செலவாகுமே என்பார்கள். ஆகும். 40 இலட்சத்தில் ஓர் இலட்சமோ ஒன்றரையோ போகலாம். நண்பரின் பின்புறத் தட்டை உடைத்துத் திரும்பப் போடக் கேட்கப்பட்ட தொகை அதைவிடப் பல மடங்கு. சொந்தக்காரர் மனம் நோவாரே என்பார்கள். நேர்மையான சொந்தக்காரர் மூன்றாம் ஆளின் சான்றைக் கண்டு மகிழ்வார். நாளை தன்மேல் பழி வராமல் காப்பது அதுதான். அந்தக் காகிதத்தைக் கண்டு கோபிப்பவரிடம் வீட்டுத் திறப்பைக் கொடுக்காமல் விடுவதே உறவுக்கு நல்லது. லிங்கநகரில் கட்டடத்தால் முறிந்த சகோதர உறவுகளை எண்ண ஒரு கை விரல்கள் போதா.

பத்திரிகைகளுக்கும் இதில் பங்குண்டு. "குறைந்த செலவில் நிறைந்த தரம்" என்ற விளம்பரங்களை வாரந்தோறும் அச்சிட்டவர்கள் நாங்கள். அந்தத் தரத்தை யார் அளந்தார் என்று ஒரு நாளும் கேட்டோமில்லை. இந்தக் கட்டுரையில் ஒரு பகுதி அந்தக் கடனுக்கான வட்டி.

நண்பர் இப்போது ஊருக்கு வந்திருக்கிறார். தட்டை உடைக்கிறார்கள். இம்முறை அவரே போய் மூன்று பழைய வீடுகளைப் பார்த்து ஒரு மேசனைத் தேர்ந்தார். அளக்க வேறொருவர் வருகிறார். நேற்று அங்கே போனபோது கம்பியைச் சுரண்டி முடித்திருந்தார்கள். அளப்பவர் வந்து பார்க்கும்வரை கொங்கிறீற் போடாமல் மேசன் காத்திருந்தார். "அவர் வந்து எழுதினா எனக்கும் பயமில்ல ஐயா" என்றார். படுக்கையறை மூலையில் அந்த வாளி இன்னும் இருக்கிறது. கூரை முடிந்து ஒரு மாரி கழியட்டும், அதன் பிறகு எடுக்கலாம் என்றார் நண்பர்.